ஜாப் கார்டு அக்கா

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியோ அவர் கைக்குப் போய்விடும். போனால் படிப்பார். படித்தால் அன்றைக்கே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏனுங்க டீச்சர், ரெண்டாவது பக்கத்துல நீங்க எழுதியிருக்கறது அப்படி இல்லீங்களே" என்று ஆரம்பித்துவிடுவார். படித்ததை மறுநாள் வரைக்கும் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனுஷி.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயம்புத்தூரைச் சுற்றித் தெருவுக்குத் தெரு பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுத் துடியலூரில் வீட்டோடு இருந்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சாயங்காலத்தில்தான் வந்தார்கள். சாயங்காலம் வீட்டில் இல்லாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது. தொண்டராகப் பெயர் கொடுத்தது அதற்காகத்தான். பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்த பம்புசெட் கம்பெனியை எனக்கு ஒதுக்கினார்கள். அங்கே மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் ஒன்பது பெண்கள் ஹெல்பர்களாக இருந்தார்கள். பெருக்குவது, காகிதம் வெட்டுவது, இரும்புக் கூட்டைத் தூக்கிக் கொடுப்பது, கம்பித் துண்டு பொறுக்குவது எல்லாம் அவர்கள் வேலை. கம்பியைத் தொட்டுச் சுற்றுகிற வேலை ஆண்களுக்கு. ஒன்பது பேரில் ஒருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் கொட்டகையில் வகுப்பு.

முதல் நாள் சுருட்டிக் கொண்டுபோன கரும்பலகையை மாட்டி, பாடப் புத்தகத்தில் இருந்தபடியே ஒரு மரத்தை வரைந்து, பக்கத்தில் 'மரம்' என்று எழுதினேன். எட்டுப் பேர் திருப்பிச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். நாற்பது வயதிருக்கும். குள்ளமான உடம்பு, தடித்த மணிக்கட்டு, சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டு மினுங்கும் செம்புத் தூசி.

"ஏனுங்க டீச்சர், இதப் படிச்சுப்போட்டு நாளைக்குக் காத்தால நான் என்னங்க பண்ணட்டும்?"

கிண்டல் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. நான், "மரத்தைப் பார்த்தா மரம்னு எழுதலாம்ங்க்கா" என்றேன்.

"மரத்தப் பாத்தா மரம்னு எனக்கே தெரியுமுங்களே."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அவரே வழி சொன்னார். "கோவிச்சுக்காதீங்க கண்ணு. காத்தால எந்திரிச்சா நான் மொதல்ல பாக்கறது பஸ்ஸுங்க. துடியலூர் பஸ்ஸு எதுன்னு பக்கத்துல நிக்கறவியள கேட்டுக் கேட்டு என்ற வாயே தேஞ்சுபோச்சு. அத மொதல்ல சொல்லிக் குடுங்க."

மரத்தை அழித்துவிட்டு 'து' எழுதினேன். அப்புறம் 'டி'. இப்படித்தான் எங்கள் வகுப்பின் முதல் எழுத்து 'து' ஆனது. மேலே இருந்து வந்த எந்தப் புத்தகத்திலும் அந்த வரிசை கிடையாது.

அவரிடம் எதைக் கற்றுக்கொடுத்தாலும் மறுநாள் அது எங்கேயாவது வேலை செய்திருக்கும். 'ப' வரிசை படித்த வாரம் வீட்டிலிருந்த டப்பாக்கள் மேலெல்லாம் சாக்குக்கட்டியால் பெயர் எழுதிவிட்டார். டப்பா தீர்ந்ததும் கதவில் 'கதவு', சுவரில் 'சுவரு', ஆட்டுக்கல்லில் 'ஆட்டுக்கல்'. மர மில்லில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர், பேசவே பேசாத மனுஷர், அவர்கூட, "என்ற மேல மட்டுந்தான் இன்னும் எழுதல" என்று சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அக்கா, "ஊட்டுக்காரர்னு எழுதறதுக்கு ஒரு எழுத்து தெரியலீங்க, அதனால தப்பிச்சாரு" என்றார்.

ஒரு நாள் வகுப்புக்கு வரவில்லை. அவர் வராத முதல் நாள் அதுதான். மறுநாள் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் நடந்து நான் பார்த்ததில்லை, எப்போதும் அரை ஓட்டம்தான்.

"நேத்துப் போத்தனூரு போயிட்டனுங்க டீச்சர்!"

"அங்க யாருங்க்கா இருக்காங்க?"

"ஆருமில்லீங்க. உக்கடத்துல ஒரு சோலியா போயிட்டு நம்ம பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன். முன்னால ஒரு பஸ்ஸு வந்து நின்னுச்சு. பாக்கறேன், 'போ'. அப்புறம் 'த்'. அப்புறம் 'த'. படிச்சு முடிக்கறேன், போத்தனூர்! ஆரையுங் கேக்காம நானே படிச்சுப்போட்டேன். படிச்சுப்போட்டு ஏறாம எப்படிங்க இருக்கறது?"

ஏறிப் போய் ரயில்வே ஸ்டேஷன் வாசல் வரைக்கும் நடந்து, மஞ்சள் பலகையில் பெரிதாக எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்து, பஸ்ஸில் இருந்ததும் பலகையில் இருந்ததும் ஒன்றுதான் என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அவ்வளவுதான் பயணம். சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. கேட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேரும் ஏதோ காசிக்குப் போய் வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் தனித்தனியாகப் போத்தனூர் போய்வந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

இதே குணம்தான் எங்களை ஒருமுறை மாட்டியும் விட்டது.

வைண்டிங் பிரிவுக்கு அடுத்த அறையில் மோட்டாரை ஓட்டிச் சோதிக்கும் மேடை. அதில் இரண்டு பொத்தான்கள். பச்சைக்கு மேலே 'ஓட்டு', சிவப்புக்கு மேலே 'நிறுத்து' என்று பெயின்டில் எழுதியிருந்தது. பல வருஷமாக அந்த மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அக்கா. ஒரு காலையில் துடைத்துக்கொண்டே படித்திருக்கிறார். 'நி... று... த்... து.' படித்து முடித்ததும் அமுக்கிவிட்டார். ஓடிக்கொண்டிருந்த நான்கு மோட்டார்களும் ஒரே நேரத்தில் நின்றன. மணிக்கணக்காக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சோதனை பாழ். மறுபடி முதலிலிருந்து.

வைண்டிங் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஐ.டி.ஐ. படித்தவர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. "நாலு எழுத்து தெரிஞ்சா எதை வேணும்னாலும் தொடுவியாம்மா? ஆளு மேல கரண்டு பாஞ்சிருந்தா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "படிக்க வெய்யுங்க டீச்சர், வேண்டாங்கல. ஆனா மறுக்கா இப்படி ஆச்சுன்னா கொட்டகைய பூட்டிப்போடுவேன்" என்றார்.

நான் பயந்துபோய் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சொரசொரவென்றிருந்தது.

"திட்டுனது செரிதானுங்க. இனித் தொடமாட்டேன். ஆனா டீச்சர், நிறுத்துன்னு எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன். அமுக்குனேன். நின்னுபோச்சுங்க!"

அவர் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நான் வந்த புத்திமதியைச் சொல்லாமலே திரும்பினேன். எனக்கு நாலு வயதில் எழுத்து வந்தது. எழுதியிருப்பது அப்படியே நடக்கும் என்கிற ஆச்சரியம் எனக்கு எப்போதாவது வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஐப்பசி வாக்கில் கம்பெனிப் பலகையில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். அந்தப் பலகையில் என்ன ஒட்டினாலும் ஹெல்பர்கள் நின்று பார்ப்பதில்லை. தேவைப்பட்டால் யாராவது வாயால் சொல்வார்கள், தேவையில்லாததைச் சொல்லமாட்டார்கள். அக்கா நின்றார். டீ இடைவேளை முடியப் பத்து நிமிஷம் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். மற்ற எட்டுப் பேரும் டம்ளரோடு பின்னால் வந்து நின்றார்கள். டீ ஆறிப்போனது. மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

தாளில் இருந்தது இதுதான். தைப் பொங்கலோடு வைண்டிங் பிரிவில் ஹெல்பர் வேலை நிறுத்தப்படுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் ஜாப் கார்டு படித்து, தானே வைண்டிங் செய்யத் தெரிந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். அவர்களைத் தகுதித் தேர்வு வைத்து எடுப்பார்கள். ஜாப் கார்டு என்பது ஒவ்வொரு மோட்டாரோடும் வரும் அட்டை. எந்த நம்பர் கம்பி, எத்தனை சுற்று, இரும்புக் கூட்டின் எந்தப் பள்ளத்தில் எது போகவேண்டும் எல்லாம் அதில் இருக்கும்.

சாயங்காலம் வகுப்பில் யாரும் கரும்பலகையைப் பார்க்கவில்லை. மரகதம் என்று ஒரு பெண், ஒன்பது பேரில் சின்னவள், சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா மட்டும் எழுந்து கேட்டார்.

"எல்லா வார்த்தையும் புரிஞ்சுதுங்க. ஒண்ணுதான் புரியல. தகுதின்னா என்னங்க?"

"இந்த வேலைக்கு இவங்க ஏத்தவங்கதான்னு காட்டறதுங்க்கா."

"அது எங்கீங்க குடுக்கறாங்க?"

குடுக்கற இடம்னு ஒண்ணு இல்லை, நாமாகச் சம்பாதிக்கணும் என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே உளறுகிறேன் என்று தெரிந்தது. அவர் அதை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, "செரி, மொதலாளிக்கு எழுதறதுக்கு என்னமோ சொல்லுவாங்களே, விண்ணப்பம். அதச் சொல்லிக் குடுங்க. நாளைக்குக் காத்தால குடுக்கோணும்" என்றார்.

எங்களுக்கும் அந்தத் தேர்வை வையுங்கள் என்று ஐந்து வரி. எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. காலையில் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் கூடப் போனேன்.

முதலாளி தோட்டங்காட்டிலிருந்து வந்தவர். அப்பா காலத்தில் கிணற்றுப் பம்பு ரிப்பேர் செய்து செய்தே கம்பெனி வைத்தவர்கள். தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"இதை ஆரு எழுதுனது?"

"நானுங்க."

"நோட்டீசு ஆரு படிச்சுச் சொன்னா?"

"நானேதானுங்க படிச்சேன்."

தாளை மடித்து மேசைமேல் வைத்தார். அப்புறம், "அம்மணி, உங்களையெல்லாம் நடுரோட்டுல உடோணும்னு எனக்கு ஆசையா? புதுசா ஆர்டர் புடிச்சிருக்கறோம். கையில அட்டையக் குடுத்தா வேல நடக்கோணும். அந்தத் தேர்வு எட்டாவது, பத்தாவது படிச்ச புள்ளைகளுக்கு" என்றார்.

"எட்டாவதுன்னு அதுல போடலீங்களே."

"என்னது?"

"ரெண்டு தடவ படிச்சனுங்க. ஜாப் கார்டு படிச்சு வைண்டிங் செய்யத் தெரிஞ்சவங்கன்னுதான் போட்டிருக்குது. எட்டாவதுன்னு ஒரு எழுத்துங் கெடையாது. தை வரைக்கும் நாளிருக்குதுங்க. அட்டைய நாங்க படிச்சுப்போட்டு, கம்பியுஞ் சுத்திக் காட்டுனா?"

முதலாளி மணியை அடித்து, அந்த நோட்டீசின் நகலைக் கொண்டுவரச் சொன்னார். படித்தார். மெதுவாகச் சிரிப்பு வந்தது. "நானேதான் கையெழுத்துப் போட்டிருக்கறேன்" என்றார். "செரி. தை வரைக்கும் டைம். பழைய கூடும் கழிவுக் கம்பியும் தாரேன். மாஸ்டர் தெனமும் ஒரு மணி நேரம் நிப்பாரு. தேர்வுக்கு வெளியாளு வருவாரு. அவரு சொல்றதுதான் முடிவு. அப்புறமேட்டுக்கு என்றகிட்ட வந்து நிக்கக்கூடாது."

அன்றோடு பாடப் புத்தகத்தை மூட்டை கட்டினேன். ஜாப் கார்டுதான் எங்கள் புத்தகம். 'சுற்று', 'கம்பி', 'பள்ளம்', 'இணைப்பு' இவைதான் பாடங்கள். வாய்ப்பாடு வேண்டாம் என்று முகம் சுளித்தவர்கள், ஒரு கட்டுக்கு நாற்பத்திரண்டு சுற்று என்றால் நாலு கட்டுக்கு எத்தனை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கொட்டகையின் ஒரு பக்கத்தில் நான், மறுபக்கத்தில் மாஸ்டர். எனக்கு ஸ்டேட்டர் என்றால் என்னவென்று தெரியாது. வட்டமான இரும்புக் கூடு, உள்பக்கம் சுற்றிலும் இருபத்து நாலு பள்ளம், அதில் கம்பிக்கட்டுகளை வரிசை தப்பாமல் இறக்கவேண்டும் என்பதை மாணவிகளோடு மாணவியாகத்தான் கற்றுக்கொண்டேன். மாஸ்டர் முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினார். வேகமாகச் சொல்லுவார். புரியவில்லை என்றால் இன்னும் வேகமாகச் சொல்லுவார்.

ஒரே ஒரு பழைய கூடுதான் இருந்தது. ஒன்பது பேருக்கு ஒன்று என்றால் ஒரு ஆளுக்கு ஏழு நிமிஷம்கூடக் கிடைக்காது. இரண்டாவது வாரம் ஒரு நாள் அக்கா வந்தபோது கையில் உடைந்த பிளாஸ்டிக் குடம். கழுத்தை அறுத்து எடுத்துவிட்டிருந்தார். விளிம்பில் சுற்றிலும் ரம்பத்தால் கீறிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் ஒன்று முதல் இருபத்து நாலு வரை எண்கள். வெட்டுகளில் சணலைச் சுற்றி இறக்கி, முனைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நூல் கட்டியிருந்தார். பஸ்ஸில் கண்டக்டர் என்னவென்று கேட்டதற்கு "மோட்டாருங்க" என்றாராம்.

மாஸ்டர் குடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முதல் சணலிலிருந்து கடைசி முனை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கும் விரல் நிற்கவில்லை.

"இதை யார் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதானுங்க மாஸ்டர். நேத்து."

மாஸ்டர் அன்றைக்கு மணி பார்க்கவில்லை. ஏழு மணிக்கு நான்தான், "சார், எங்க வீட்ல தேடுவாங்க" என்று சொல்லிக் கிளப்பினேன். அந்த வாரக் கடைசிக்குள் கொட்டகையில் ஒன்பது உடைந்த குடங்கள் வந்துவிட்டன. நாலு பச்சை, மூன்று சிவப்பு, ஒரு நீலம், எங்கள் வீட்டுக் குடம் ஒன்று. அம்மா அதை ரொம்ப நாள் தேடினாள். மாஸ்டர் பேனாவை வைத்துவிட்டுச் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டார். அவர் தமிழில் 'இணைப்பு' என்று எழுதும்போது இரண்டு சுழியா மூன்று சுழியா என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் கம்பி நம்பருக்கு அவரைத் திரும்பிப் பார்ப்பேன். அந்த மூன்று மாதம்போல் சாயங்காலத்துக்காக நான் காத்திருந்த காலம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது. பெண் பார்க்க யாராவது வந்தார்களா என்றுகூட நினைவில்லை.

தேர்வு நாள் காலையில் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து ஆசிரியர் ஒருவர் வந்தார். வழுக்கை, கறார் முகம். ஆளுக்கு ஒரு கூடு, ஒரு ஜாப் கார்டு. அட்டையைச் சத்தமாகப் படிக்கவேண்டும், கம்பி நம்பரைப் பார்த்து எடுக்கவேண்டும், சுற்றி இறக்கி, முனைகளை இணைத்துக் கொடுக்கவேண்டும். சாயங்காலம் மோட்டாரில் பொருத்தி ஓட்டிப் பார்ப்பார். நானும் மாஸ்டரும் கேட்டுக்கு வெளியே. மாஸ்டர் எத்தனை டீ குடித்தார் என்று எண்ணவில்லை.

நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள். மரகதத்தின் மோட்டார் முதலில். 'ம்ம்ம்' என்று சீராக ஓடியது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது ஓடியது. மூன்றாவது, நான்காவது. எட்டு மோட்டார் வரிசையாக ஓடி நின்றன. எட்டுப் பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதிக்காத குறை.

ஒன்பதாவது அக்காவுடையது. அவர்தான் முதலில் முடித்து வைத்தவராம். பொத்தானை அமுக்கினார்கள். அதுவும் நன்றாகத்தான் ஓடியது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மாஸ்டரின் முகம் இருண்டது. தேர்வாளர் நிறுத்திவிட்டு, "பின்னால சுத்துது. இதைப் பம்புல மாட்டினா தண்ணி ஏறாது" என்றார்.

அட்டையில் முனைகளுக்கு இங்கிலீஷில் மூன்று எழுத்துகள் போட்டிருந்தது. யு, வி, டபிள்யூ. கொட்டகையில் நாங்கள் சிவப்பு, மஞ்சள், நீல நூலை வைத்துத்தான் பழகினோம். தேர்வுக்கு வந்த கூடுகளில் நிறம் இல்லை, எழுத்து மட்டும்தான். மற்ற எட்டுப் பேரும் அட்டையில் இருக்கிற வடிவத்தையும் மோட்டாரில் இருக்கிற வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப் பார்த்து ஒத்துப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். அக்கா வேகத்தில் யுவையும் வியையும் மாற்றி மாட்டிவிட்டார். இரண்டு முனை மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அந்த மூன்று எழுத்தைச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று மூன்று மாதத்தில் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் அல்லவா நான்.

"தப்பு என்னுதுங்க சார்" என்று தேர்வாளரிடம் போனேன். முதலாளியும் சங்கடத்தோடு நின்றிருந்தார். அக்கா என்னைப் பின்னால் இழுத்தார்.

"உடுங்க டீச்சர். எட்டாவதுன்னு போடலீங்களேன்னு, நோட்டீசுல போட்டிருக்கறத வெச்சுத்தான மொதலாளிகிட்ட நின்னேன். இப்ப அட்டையில போட்டிருக்கறத நான் செரியாப் படிக்கலீங்களே. எப்படிங்க எனக்கு மட்டும் மாத்திக் கேக்கறது?"

தேர்வாளர் அடுத்த தேர்வுக்கு வர இரண்டு மாதம் ஆகும் என்றார். பொங்கலோடு ஹெல்பர் வேலை முடிந்தது. எட்டுப் பேர் வைண்டர்களாக உள்ளே போனார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் கேட்டுக்கு வெளியே.

அன்று பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் அழவில்லை. எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தார்.

"இங்கிலீசுல மொத்தம் எத்தன எழுத்துங்க?"

"இருபத்தாறு."

"அவ்வளவுதானுங்களா? தமிழ்ல எரநூத்துச் சொச்சத்தையும் படிச்சாச்சு. நம்ம கூட்டுல இருபத்து நாலு பள்ளம், அதைக் காட்டியும் ரெண்டு எச்சா, அவ்வளவுதான? இப்பவே ஊட்டுக்கு வாங்க."

போனேன். அவர் வீட்டுக்காரர் ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டார். பொங்கல் லீவு நாலு நாளில் இருபத்தாறும் பெரிய எழுத்தில் முடிந்தது. அதற்கப்புறம் படிப்பதற்கு இங்கிலீஷ் எழுத்து எங்கே கிடைக்கும் என்று தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார். துடியலூர் சந்தைப் பக்கம் ஒரு ரீவைண்டிங் கடை. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து எரிந்துபோன மோட்டார்களை மறுபடி கம்பி சுற்றக் கொண்டுவந்து வாசலில் குவித்திருப்பார்கள். ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு தகரப் பட்டை, அதில் கம்பெனி பெயரும் எண்களும் இங்கிலீஷில். அக்கா ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு எழுத்துக் கூட்டியிருக்கிறார்.

கடைக்காரர் வெளியே வந்தார். "ஏனம்மணி, மோட்டாரு எடுக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. படிச்சுட்டு இருக்கறனுங்க."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். மூன்றாவது நாளும் அக்கா வந்து உட்கார்ந்ததும், "படிச்சது போதும், உள்ள வந்து இதுக்குக் காகிதம் வெட்டிக் குடுங்க" என்றார். காகிதம் வெட்டிக் கொடுத்தவர், அப்படியே பள்ளத்தை எண்ணி, பழைய சுற்றைப் பிரித்து எண்ணி, தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் அந்தத் தாளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாராம். அந்தக் கடையில் அதற்கு முன்னால் யாரும் எழுதி வைத்ததில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கு வேலை அங்கேதான்.

பங்குனி மாதம். எங்கள் கொட்டகை வகுப்பு அதற்குள் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் பரவி, நான் மூன்று இடங்களில் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் லேத்து வேலைக்கான அளவுகள், இன்னொரு இடத்தில் பனியன் துணி லேபிள். எங்கே போனாலும் முதல் கேள்வியாக நாளைக் காலையில் இவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் பழகியிருந்தேன். அன்றைக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். "தேர்வு ஒண்ணும் வேண்டாம். வைண்டிங்குல எடம் இருக்குது. நேரா வரச் சொல்லுங்க. அந்தம்மா இல்லாம அங்க என்னமோ சப்புன்னு இருக்குது" என்றார். பின்னால் நின்றிருந்த மாஸ்டர், "சீக்கிரம் குடுத்துருங்க டீச்சர்" என்றார்.

நான் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது.

கடைக்குள் அக்கா ஒரு பெரிய மோட்டாரின் வயிற்றுக்குள் கை விட்டு உட்கார்ந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தார். நின்றபடியே படித்தார். இப்போது விரல் வைக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. முடித்ததும் மடித்தார்.

"மொதலாளி பெரிய மனுசருங்க."

"அப்ப நாளைக்கே போயிருங்க்கா!"

"இல்லீங்க டீச்சர்." குரலைத் தாழ்த்தினார், கடைக்காரருக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்பதுபோல. "அங்க போனா தெனமும் ஒரே மோட்டாருதானுங்க. இங்க பாருங்க, அக்கட்டக் கெடக்கறது ஒரு கம்பெனி, இக்கட்டக் கெடக்கறது ஒரு கம்பெனி. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. இதுல முப்பத்தாறு பள்ளம்! நேத்து வந்ததுல என்னமோ எழுத்துப் போட்டிருந்துச்சு, அது இங்கிலீசே இல்லீங்களாம், ஜெர்மனியாம். அதைய இன்னும் பிரிக்கல."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. அவர் அதற்குள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். கவரின் பின்பக்கத்தையே மோட்டார் மேல் வைத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, என்னிடம் காட்டக்கூட இல்லாமல் மடித்துக் கொடுத்தார். வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படித்தேன்.

'ஐயா, கூப்பிட்டதற்கு நன்றி. எனக்கு இங்கே வேலை இருக்கிறது. உங்கள் கம்பெனி மோட்டார் எரிந்துபோனால் எனக்கு அனுப்பவும்.'

கீழே, முழுப் பெயரும் கையெழுத்தும்.

முதலாளி அதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். மாஸ்டரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பிறகு, மூன்றாவது வாரம், அக்காவின் கடைக்கு ஒரு டெம்போவில் எரிந்துபோன ஆறு மோட்டாரை ஏற்றி அனுப்பினார்.